முதல் கியரில் பின்னால் போன வண்டி

அந்தத் தெருவில் பஸ்ஸக்கா வீடு எது என்று கேட்டால் நடை பழகும் பிள்ளைகூடக் கையைக் காட்டிவிடும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். நகரப் பேருந்து ஓட்டியவள் அவள். கல்யாணமான புதிதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் ஐம்பதைத் தாண்டும்வரை விடவில்லை. காய்கறிச் சந்தை வளைவில், ஒரு பக்கம் தள்ளுவண்டிகளும் மறுபக்கம் சாக்கடையுமாக இருக்கிற இடத்தில், ஆள் இறங்கி வழி சொல்லாமலே பஸ்ஸை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போவாள். உள்ளே இருந்தவர்கள் கைதட்டியது உண்டு. அதை யாரும் கேட்காமலே அவளே எடுத்துச் சொல்லுவாள். தன்னடக்கம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கு.

பிறகு இடது கண்ணின் நடுவில் ஒரு பொட்டு விழுந்தது. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் அழுக்கு விரலால் தொட்டதுபோல ஒரு மங்கல். சிகிச்சை செய்தார்கள். பொட்டு பெரிதாகாமல் நின்றது, போகவில்லை.

"இனிமே பஸ் ஓட்டக் கூடாதும்மா" என்றார் கண் டாக்டர்.

"வேற என்ன ஓட்டலாம்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரோட்டுல எதுவும் வேண்டாம். வீட்டுக்குள்ள வேணா தையல் மெஷின் ஓட்டுங்க."

"அதை எங்க வீட்டுக்காரர் ஓட்டிக்கிட்டிருக்காரு. அதுல பக்கத்து சீட்டே கிடையாது."

வீட்டுக்காரர் டெய்லர். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. அதன் உள்பாதியில், பெரிய ஜன்னலுக்குக் கீழே, அவருடைய மெஷினும் வெட்டுமேசையும் அளவு பார்க்கும் துணிப்பொம்மையும். வெளிப்பாதி, அதாவது வீட்டோரச் சந்துக்குத் திறக்கிற இரட்டைக் கதவுப் பக்கம், சும்மா கிடந்தது. பழைய கட்டிலும் பெயிண்ட் டப்பாக்களும் அங்கே குடியிருந்தன.

வீட்டு நிர்வாகம் முழுக்க டெய்லரின் அக்கா கையில். பஸ்ஸக்கா விடியலில் டிப்போவுக்குப் போய்விட்டு வெயில் சாய்ந்தபின் திரும்பிய காலமெல்லாம் இந்த நாத்தனார்தான் அடுப்பையும் வந்து போகும் ஆட்களையும் பார்த்துக்கொண்டார். வேலை போய் பஸ்ஸக்கா பகலெல்லாம் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் சிக்கல் தொடங்கியது. சமையல்கட்டுக்குள் போனால் எதையாவது இடம் மாற்றி வைப்பாள். துணி காயப்போட்டால் கொடிக்கயிற்றை அவிழ்த்து வேறு மாதிரி கட்டுவாள்.

"இத பாரு," என்றார் நாத்தனார் ஒரு நாள், கரண்டியும் கையுமாக. "நீ வெளிய போய் எதையாவது ஓட்டு. இல்லேன்னா நான் உன்னை ஓட்டிவிடுவேன்."

அந்த வாரமே வழி பிறந்தது. தெருக்கோடியில் ஒரு செடிப் பண்ணை இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் நர்சரிக்காரர் என்பார்கள். ஒல்லியான மனிதர், எதைக் கேட்டாலும் முதலில் "அது சரிப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். குத்தகை இடத்தை உரிமையாளர் திருப்பிக் கேட்டுவிட்டதால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த மகளுடைய நிலத்துக்குப் பண்ணையை மாற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸக்கா ஒரு ரோஜாச் செடி வாங்கப் போனாள். வேலியோரம் கொடி மண்டிக் கிடந்த இடத்தில் ஒரு ஸ்டியரிங் வட்டம் எட்டிப் பார்த்தது. ரோஜா மறந்துபோயிற்று.

கொடியை விலக்கினாள். உள்ளே ஒரு குட்டி டிராக்டர். வயல் உழுகிற பெரிய டிராக்டரின் கடைசித் தம்பி மாதிரி இடுப்பு உயரம்தான். புல்வெளி வெட்டவும், பின்னால் சின்ன இழுவண்டியைக் கட்டித் தோட்டத்தில் மண் இழுக்கவும் செய்த வண்டி. பெயிண்ட் உரிந்து, டயர்கள் தரையோடு ஒட்டி, சீட்டின் பஞ்சு முழுக்கப் பறவைகள் கொண்டுபோயிருந்தன.

"இது என்ன ஆச்சு?"

"அது சரிப்படாது" என்றார் நர்சரிக்காரர். "ஒரு நாள் இன்ஜின் ஓடிச்சு, வண்டி நகரல. ரெண்டு மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினாங்க. அப்புறம் இன்ஜினும் நின்னுபோச்சு. பழைய இரும்புக்காரன்கூட வர மாட்டேங்கறான், கொடியை வெட்டணுமேன்னு."

"எனக்குக் குடுங்க. ஓட்டிக் காட்டறேன்."

"நீங்க ஓட்டுவீங்க. ஆனா அது ஓடாதே!"

"ஓடும். நான் சொல்றேன்ல."

உண்மையைச் சொன்னால், பஸ்ஸக்கா அதுவரை எந்த இன்ஜினையும் கழற்றியதில்லை. டிப்போவில் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தாலே மெக்கானிக்குகள் வந்துவிடுவார்கள். "நீங்க தள்ளி நில்லுங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். ஓரமாக நின்று பார்த்துப் பார்த்து, எந்தச் சத்தத்துக்கு எந்த வியாதி என்பது மட்டும் அவளுக்கு அத்துப்படி. மிச்சத்தைக் கை கற்றுக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. நர்சரிக்காரருக்கோ இடம் காலியானால் போதும். "எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

வண்டி வீடு வந்த ஊர்வலத்தைத் தெருவே பார்த்தது. காற்றில்லாத டயர்களுக்குக் கீழே பலகை போட்டு, அந்தப் பலகை தீர்ந்ததும் பின் பலகையை எடுத்து முன்னால் போட்டு, நர்சரிக்காரரும் டெய்லரும் தள்ள, பஸ்ஸக்கா சீட்டில்லாத சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தாள். தள்ளுகிறவர்கள் இருவர், உட்கார்ந்திருப்பவள் ஒருத்தி என்பதை டெய்லர் பாதி வழியில் சுட்டிக்காட்டினார்.

"யாராவது திருப்ப வேண்டாமா?" என்றாள் பஸ்ஸக்கா.

கொட்டகையின் வெளிப்பாதியில், மூக்கு கதவைப் பார்க்க, வண்டியை நிறுத்தினாள். பெயிண்ட் டப்பாக்கள் வெளியேறின. கணவரிடம் ஒரு எல்லைக்கோடு ஒப்புக்கொண்டாள்: தரையில் நீளச் சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் துணி.

முதலில் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினாள். எலி ஒன்று பரம்பரை வீடு கட்டி வைத்திருந்தது. காற்று போய் இன்ஜினைக் குளிர்விக்க வேண்டிய தகட்டு இடுக்குகளில் எல்லாம் வைக்கோல், நூல், பாலிதீன் கிழிசல். குச்சியால் கிண்டக் கிண்ட வந்துகொண்டே இருந்தது. இன்ஜின் இறுகிப் போயிருந்தது; உள்ளே பிஸ்டன் அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே எண்ணெய் ஊற்றினாள். ஊறவைத்தாள். காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தரம், இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த சக்கரத்தை இரு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பாள். பலவந்தம் செய்யவில்லை. பஸ்ஸில் கியர் விழாதபோது செய்வதுபோல, கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் தள்ளி.

ஒரு மத்தியானம் அது நகர்ந்தது. விரல் அகலம்தான். "அண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாத்தனார் யாருக்கோ கை நசுங்கிவிட்டது என்று ஈரத்துணியோடு ஓடி வந்தார்.

"அசைஞ்சிடுச்சு அண்ணி!"

"இதுக்கா கத்தின? என் பால் பொங்கிப்போயிருக்கும் அங்க."

பெட்ரோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வருஷக்கணக்காகத் தொட்டியில் கிடந்து பசையாகி, தெருமுனைவரை நாறியது. கார்புரேட்டரைப் பிரித்தபோது பெட்ரோல் பீச்சுகிற பித்தளைத் துளை அடைத்துக் கிடந்தது. டெய்லர் தன் மெல்லிய ஊசியை நீட்டினார்.

"வேண்டாங்க. ஊசி போட்டா ஓட்டை பெருசாயிடும். பித்தளை மெத்துனு இருக்கும்ல." தூண்டில் நரம்பை வெட்டி அதைத்தான் உள்ளே விட்டாள். கண்ணால் பார்த்துச் செய்ய முடியாத வேலை அது. பொட்டு சரியாகத் துளைக்கு மேலேயே வந்து உட்காரும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிச் செய்தாள். நரம்பு வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டார். வேலை போன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அவர் பார்க்கவில்லை. நூல் கோர்த்துக்கொண்டு, மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

இன்ஜின் உயிர் பெற்ற நாள் நாத்தனாருக்குத்தான் மறக்காது. இன்ஜின் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். இழுத்தாள், இருமியது. மறுபடி இழுத்தாள், தும்மியது. தோள்பட்டை விட்டுப்போகும் என்று தோன்றுகிற நேரத்தில் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயில் மிச்சம் இருந்த எலிக்கூடு முழுவதும் கரியும் வைக்கோலுமாகப் பீறிட்டு, சந்தில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மேல் போய் அப்பியது.

நாத்தனார் விரிப்பைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். இன்ஜின் சத்தத்தில் அவர் சொன்ன எதுவுமே யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே பஸ்ஸக்கா அன்று இன்ஜினை ரொம்ப நேரம் அணைக்கவில்லை.

இன்ஜின் ஓடியது, சரி. ஆனால் நர்சரிக்காரர் சொன்னதுபோலவே வண்டி நகரவில்லை. மெக்கானிக்குகள் இருவரும் இங்கேதான் மறுபடி இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸக்கா சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். பெல்ட் ஓடுகிறது. பெல்ட் போய்ச் சேர்கிற கப்பியும் சுற்றுகிறது. அதற்கு அப்புறம் சத்தமே இல்லை. கீழே படுத்துக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கப்பியையும் கியர்பெட்டியின் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற, நகத்தளவு அரைவட்ட இரும்புத் துண்டு ஒன்று உண்டு. அது இரண்டாக அறுந்து கிடந்தது. கப்பி தனக்குத்தானே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் துண்டை மட்டும் மாற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கியர்பெட்டியில் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் மழைத்தண்ணீர் கலந்து பால் விட்ட காப்பி மாதிரி வடிந்தது. உள்ளே துரு பிடித்துக்கொண்டிருக்கும். "கையோட கையா அதையும் பாத்துடறேன்" என்று பெட்டியைப் பிளந்தாள். பல் சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்தப் பக்கம் என்று மறக்காமல் இருக்க, டெய்லர் துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் குறி போட்டாள். பிறகு எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுச் சுத்தமாகக் கழுவினாள். குறிகளும் சுத்தமாகப் போய்விட்டன.

வேறொருத்தர் பதறியிருப்பார். பஸ்ஸக்கா பதறவில்லை. "மூளைல இருக்கு" என்றாள். ஒவ்வொன்றாக அடுக்கினாள். எல்லாம் பொருந்தின. ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் குறையவில்லை. புது எண்ணெய் ஊற்றி மூடி, அறுந்த துண்டுக்குப் பதில் புதுசு போட்டுக் கப்பியை மாட்டினாள். டயர்களுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்து, பின்சக்கரங்களைக் கட்டை வைத்துத் தூக்கிக்கொண்டு இன்ஜினைப் போட்டுப் பார்த்தாள். கியர் விழுந்தது, சக்கரம் சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றியது என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

நேரே நர்சரிக்காரரிடம் போனாள். "நாளைக்கு சாயங்காலம் வாங்க. கதவு வழியா ஓட்டிக்கிட்டு வெளிய வர்றேன். நேர்ல பாருங்க."

"அது சரிப்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து, "வர்றேன்" என்றார்.

சேதி பரவி, மறுநாள் சாயங்காலம் கதவுக்கு வெளியே சந்தில் நர்சரிக்காரரோடு அக்கம்பக்கமும் நின்றது. நாத்தனார் முன்யோசனையாகத் துணிகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார். உள்பக்கம் டெய்லர், ஒரு பேண்டு மாஸ்டரின் சிவப்புக் கோட்டைத் துணிப்பொம்மைக்குப் போட்டுக் கடைசியாகத் தங்கச்சரிகை ஓரம் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் கொடுக்க வேண்டிய கோட்டு.

பஸ்ஸக்கா ஏறி உட்கார்ந்தாள். மிதியை அழுத்தினாள். முதல் கியரைத் தள்ளினாள். கதவுக்கு வெளியே நின்ற முகங்களைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள், பஸ் நிலையத்தில் கிளம்பும்போது ஆட்டுவதுபோல. காலை எடுத்தாள்.

வண்டி பின்னால் போயிற்று.

சாக்பீஸ் கோட்டைத் தாண்டியது. "ஏய், ஏய், ஏய்!" என்று டெய்லர் மேசைக்கு மேல் ஏறிக்கொண்டார். பஸ்ஸக்காவின் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அந்த வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே மிதிதான், அது ஒரு புண்ணியம். ஓங்கி மிதித்தாள். சுவருக்குக் கையகலம் முன்னால் வண்டி நின்றது. பொம்மை நிற்கவில்லை. இழுவண்டி கோர்க்கிற இரும்புக் கொக்கி அதன் முதுகில் குத்தி, சிவப்புக் கோட்டோடு அதைத் தூக்கிச் சுவரில் சாத்தியது. கோட்டின் முதுகு நடுவில் கறுப்பு கிரீஸ், கை அகலத்துக்கு.

சந்தில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். நர்சரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நகர்ந்திடுச்சே!" என்றார், வாயைப் பிளந்து. "எத்தனை வருஷம் கழிச்சு! நகர்ந்திடுச்சே!"

பஸ்ஸக்காவும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் கோபப்படவில்லை. கோட்டைப் பொம்மையிலிருந்து கழற்றி மேசையில் விரித்து, கிரீஸைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடலாமாங்க?"

"அழிச்சா சாயம் போகும்."

"அப்போ?"

"முதுகைப் பிரிச்சு வேற துணி வைக்கணும். துணி இருக்கு. நேரம்தான் இல்லை."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குப் பேசியிருப்பாள், சண்டை முடிந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பேண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவர் மாடியில் டிரம்பெட் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கோட்டு நாளைக்கு ஆகாதுங்க. ஒரு நாள் தவணை குடுங்க. தப்பு எங்க வீட்டுக்காரர் மேல இல்லை. நான்தான் அது மேல வண்டியை ஏத்திட்டேன்."

"கோட்டு மேலயா? என்ன வண்டி?"

"டிராக்டர்."

பேண்டு மாஸ்டர் டிரம்பெட்டைக் கீழே வைத்தார். "கோட்டு எங்க இருந்துச்சு?"

"வீட்டுக்குள்ளதான்."

அதற்கு மேல் கேட்டால் இன்னும் என்னென்ன வருமோ என்று பயந்தவர்போல, "சரிம்மா, ஞாயித்துக்கிழமைதான் நிகழ்ச்சி. சனிக்கிழமைக்குள்ள வந்தா போதும்" என்றார்.

திரும்பி வந்து கணவரிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயே போய்ச் சொன்னியா?"

"பின்ன, பொம்மையா போய்ச் சொல்லும்?"

அப்போதுதான் அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பழைய முதுகைப் பிரிக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். தையலைத் தடவித் தடவி, ஒரு நூல்கூடத் துணியைக் கிழிக்காமல் பிரித்தாள். அவர் புது முதுகை வெட்டி வைத்துத் தைத்தார். கோட்டு சொன்ன நாளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வண்டியின் கியர்பெட்டியை அவள் மறுபடி திறந்தாள். இரண்டாம் கியரையும் மூன்றாம் கியரையும் போட்டுப் பார்த்துவிட்டிருந்தாள், எல்லாம் பின்னால்தான். பின் கியர் போட்டால் வண்டி முன்னால் போகிறது. "முன்னால போகப் பின் கியர் ஒண்ணு இருக்கில்ல, அதுலயே ஓட்டேன்" என்று நாத்தனார் யோசனை சொன்னார். பஸ்ஸக்கா வெகு நேரம் பல் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பொருந்தித்தான் இருந்தன. தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

டெய்லர் மெஷினிலிருந்து எழுந்து, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வந்து, அவள் பக்கத்தில் குந்தினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் எந்த வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தவரில்லை.

"இந்தப் பெரிய சக்கரம் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"எந்தப் பக்கம் வச்சாலும் உக்காருதுங்க. சின்னச் சக்கரத்துக்கு வலது பக்கமும் உக்காரும், இடது பக்கமும் உக்காரும்."

"கோட்டுக் கை அப்படித்தான்" என்றார் அவர். "வலது கையை இடது பக்கம் வச்சுத் தச்சாலும் துளையில உக்காந்துடும். ஓரம் எல்லாம் கச்சிதமா இருக்கும். போட்டுக்கிட்டு கையை முன்னால நீட்டினாத்தான் தெரியும், பின்னால இழுக்கும்."

பஸ்ஸக்கா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். சின்னச் சக்கரத்தை விரலால் சுற்றினாள். பெரிய சக்கரம் வலது பக்கத்திலிருந்து சுற்றியது. அதைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். அதே சின்னச் சக்கரத்தை அதே திசையில் சுற்றினாள். பெரியது எதிர்ப்பக்கம் சுற்றியது.

"அடப்பாவி!" என்றாள், யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "உங்களை டிப்போவுக்கு அனுப்பியிருக்கணும்ங்க."

"எனக்குப் பஸ்ஸே ஒத்துக்காது. வாந்தி வரும்" என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போனார்.

இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. வண்டியைச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போய், முதல் கியர் போட்டு, காலை எடுத்தாள். வண்டி முன்னால் போயிற்று. சந்து வழியாகவே தெருக்கோடி வரை நடக்கிற வேகத்தில் போனாள். செடிப் பண்ணையின் திறந்த கதவுக்குள் நுழைந்து, நர்சரிக்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு எதிரே நிறுத்தி, அணைத்தாள்.

நர்சரிக்காரர் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். முகம் மலரவில்லை. பண்ணையில் பாதித் தொட்டிகள் இன்னும் அப்படியே அடுக்கிக் கிடப்பதை அப்போதுதான் பஸ்ஸக்கா கவனித்தாள். புது நிலத்துக்குப் போகிற கால்வாய்க் கரைப் பாதை லாரிக்கு ஆகாத அளவுக்குக் குறுகல். ஆட்களை வைத்துத் தள்ளுவண்டியில் கொண்டுபோனதில் நாளெல்லாம் கடந்துபோயிருந்தது. வாரக் கடைசியில் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பெரிய மரக்கன்றுகளைத் தள்ளுவண்டி தாங்காது. அவற்றை விட்டுவிட்டுப் போகத்தான் தீர்மானித்திருந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"குடுத்த பொருளை எப்படிங்க திருப்பிக் கேக்கறது?"

"வண்டியைக் கேக்கவேண்டாம். ஆளைக் கேளுங்க. உங்க இழுவண்டி எங்க இருக்கு?"

கரைப் பாதை சாலை இல்லை, மண் பாதை. கண் டாக்டர் சொன்ன வார்த்தைக்குப் பங்கமில்லை. வலது பக்கம் கால்வாய். நல்ல கண்ணும் அந்தப் பக்கம்தான். முதல் நாள் ரோஜாக்களும் பூச்செடிகளும். அடுத்த நாள் தொட்டிகள். இழுவண்டியில் செடிகள் சாயாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. "நான் வரமாட்டேன், எனக்கு வீட்டுல ஆயிரம் வேலை" என்று சொன்ன நாத்தனார், தலையில் துண்டு கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

கடைசி நாள் காலையில் மழை பெய்துவிட்டது. பாக்கி இருந்தது பெரிய எலுமிச்சை மரம் ஒன்று, இரும்பு டிரம்மில், மண்ணோடு. நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். மதகு மேட்டில் ஏறும்போது பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்க ஆரம்பித்தன. டிரம்மின் பாரம் இழுவண்டியைக் கால்வாய்ப் பக்கம் இழுத்தது. நர்சரிக்காரர் பின்னாலிருந்து "அது சரிப்படாது! இறங்கிடுங்க! மரம் போனாப் போகுது!" என்று கத்தினார்.

"அண்ணி, குதிச்சிடுங்க!"

"நான் ஏன் குதிக்கணும்? நீ ஒழுங்கா ஓட்டு!"

பஸ்ஸக்கா வேகத்தைக் கூட்டவில்லை. கூட்டினால் சக்கரம் குழிதோண்டும் என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலத்துச் சந்தை வளைவு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. இன்ஜினை மெதுவாக்கி, வண்டியை ஓர் இம்மி பின்னால் உருளவிட்டு, சக்கரம் கெட்டிமண்ணைத் தொட்டதைச் சீட்டில் உணர்ந்ததும், காலை மெல்ல மெல்ல எடுத்தாள். "அண்ணி, இந்தப் பக்கம் சாயுங்க, இடது பக்கம்!" நாத்தனார் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மொத்த உடம்பையும் இடப்பக்கம் போட்டார். சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. பிடித்தது. வண்டி முனகிக்கொண்டே மேடேறியது. மறுபக்கம் இறங்கும்போது நாத்தனார் இலைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, பின்னால் சேற்றில் ஓடி வந்துகொண்டிருந்த நர்சரிக்காரரைப் பார்த்து, "சரிப்பட்டுடுச்சுங்க!" என்று உரக்கச் சொன்னார்.

அந்த எலுமிச்சை புது மண்ணில் இலை உதிர்த்து, பிறகு துளிர்த்தது. இப்போது பஸ்ஸக்கா காலையில் சாப்பிட்டுவிட்டு அந்த நிலத்துக்குத்தான் போகிறாள். மண் இழுக்கிறாள், உரம் இழுக்கிறாள், புல் வெட்டும் கத்தியையும் பழுதுபார்த்து மாட்டிவிட்டாள். நர்சரிக்காரரின் மகள் அவளுக்கென்று வேலைநேரம் போட்டு, வெயிலுக்குத் தொப்பியும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சமையல்கட்டு முழுக்க மறுபடி நாத்தனார் வசம். ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் அவரும் இழுவண்டியில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அன்றைக்கு டெய்லர் ஆறின சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறார்.

போன வாரம் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வேலியருகே வந்து நின்றார். கிணற்றோரம் கல் நிறையக் கிடக்கிறது, இந்தக் குட்டி வண்டியை ரெண்டு நாளைக்கு இரவல் கொடுக்க முடியுமா என்று கேட்டார். தானே நன்றாக ஓட்டுவேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"வண்டியைத் தர மாட்டேன்" என்றாள் பஸ்ஸக்கா, இன்ஜினை அணைக்காமலே. "வேணும்னா நான் வர்றேன். கல்லு எந்தப் பக்கம்?"